தரையில் விழுந்து புரளும் பிள்ளை: டர்பன் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பதினொரு வருடமாகச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வயதிலிருந்து நாலு வயது வரை பன்னிரண்டு பேர் வருவார்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற அம்மா அப்பாக்களில் சிலர், 1860ல் மெட்ராஸிலிருந்து கப்பலேறி இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி. சிலர் என்னைப்போல் பிழைப்புக்காகப் பிறகு வந்தவர்கள். இரண்டு பக்கத்தாரும் கேட்டருகே நின்று கேட்கிற சந்தேகம் என்னவோ ஒன்றுதான். இங்கே பிறந்தவர்களுக்கு வாயால் சொல்லிவிடுகிறேன். தமிழ் படிக்கிறவர்களுக்காக, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போகவேண்டிய இடம் எது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

“ஒன்றரை வயசுதான் ஆகுது. இப்பவே இப்படி அடம் பிடிக்கலாமா?”

பிடிக்கலாம். ஒரு வயது தாண்டியதும் ஆரம்பிக்கும், இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் உச்சத்துக்குப் போகும், நாலு வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். பெரும்பாலான அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்கிற நமக்குத்தான் அது அரை மணி நேரமாகத் தெரியும்.

பிள்ளைக்கு அந்த வயதில் ஆசை பெரியது, பேச்சு சின்னது. இரண்டு வயதில் ஐம்பது வார்த்தை இருந்தால் நல்ல வளர்ச்சி என்பார்கள். “எனக்கு அந்த நீல டம்ளர்தான் வேணும், ஏன்னா நேத்து அதுலதான் குடிச்சேன்” என்று சொல்ல ஐம்பது வார்த்தை போதாது. சொல்ல முடியாததை உடம்பு சொல்கிறது.

“வேணும்னே பண்றானா? என்னைப் பார்த்துப் பார்த்து அழறானே!”

உங்களைப் பார்த்து அழுவது உண்மை. வேறு யாரைப் பார்த்து அழுவான்? காலையிலிருந்து என்னிடம் சமர்த்தாக இருந்த பிள்ளை, அம்மாவின் கார் சத்தம் கேட்டதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அழுவதை வாரத்துக்கு நாலு நாள் பார்க்கிறேன். அம்மா முகம் சுருங்கிப்போகும். “உங்ககிட்ட நல்லா இருக்கான், என்னைக் கண்டா மட்டும் இப்படி” என்பார்கள். பகல் முழுக்க அடக்கி வைத்ததைக் கொட்ட அவனுக்குக் கிடைத்த மடி நீங்கள்தான்.

ஆசையை அடக்குவது, பொறுத்திருப்பது, கோபத்தை ஆற்றிக்கொள்வது, இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர இருபது வயது தாண்ட வேண்டும். இரண்டு வயதில் அது இப்போதுதான் முளை விட்டிருக்கிறது. திட்டம் போட்டு உங்களை மடக்குவதற்கு வேண்டிய அறிவு அவனிடம் இன்னும் இல்லை. ஆனால் ஒன்று: அழுதால் கிடைக்கும் என்பதை அவன் கற்றுக்கொள்ள முடியும். அதைக் கற்றுக்கொடுப்பது யார் என்பதை ஐந்தாவது கேள்வியில் சொல்கிறேன்.

“தரையில விழுந்து புரளும்போது நான் என்னதான் செய்யணும்?”

முதலில் சுற்றுமுற்றும் பாருங்கள். மேசை முனை, படிக்கட்டு, சூடான கெட்டில், கார் நிறுத்துமிடம் என்று ஆபத்தான எதுவும் பக்கத்தில் இருந்தால், ஒன்றும் பேசாமல் தூக்கி வேறிடத்தில் விடுங்கள். அப்புறம் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு பேசினால் அவனுக்கு உங்கள் முழங்கால்தான் தெரியும்.

ஒரே ஒரு வரி சொல்லுங்கள். “கோபமா இருக்கு. அந்த பிஸ்கட் வேணும். இப்ப இல்ல. அம்மா இங்கயே இருக்கேன்.” அவ்வளவுதான். விளக்கம், நியாயம், “நேத்து சொன்னேன்ல” எதுவும் வேண்டாம். உச்சத்தில் இருக்கிற பிள்ளைக்குக் காது அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நாம் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் தீயில் ஊற்றுகிற எண்ணெய்தான். பாடம் சொல்ல வேண்டிய நேரம் அடத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது, நடுவில் கிடையாது. பதினொரு வருடத்தில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டது இது ஒன்றைத்தான்.

போன மாதம் என்னிடம் வருகிற இரண்டேகால் வயதுப் பெண் குழந்தை, நான் வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டேன் என்று ஆரம்பித்தாள். அவளே உரிக்க நினைத்திருக்கிறாள். தோலை மறுபடி ஒட்டவைக்கச் சொல்லி அழுதாள். நான் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, “நீயே உரிக்கணும்னு நினைச்ச” என்றேன். கையைத் தட்டிவிட்டாள், நான் கையை எடுத்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் அழுகையின் சத்தம் மாறியது. கோபமாக இருந்தது குறைந்து வெறும் துக்கமாக ஆனது, மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள். அந்த மாற்றத்தைக் காதால் பிடிக்கலாம். அப்போது கையை நீட்டினால் வருவார்கள். அவள் வந்து மடியில் ஏறினாள், உரித்த பழத்தையே தின்றாள். பிறகுதான் சொன்னேன், “அடுத்த தடவை ‘நான் உரிக்கிறேன்’னு சொல்லு.” மறுநாள் அவள் “நானு, நானு” என்று கையை நீட்டினாள்.

சில பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் தொட்டால் பிடிக்காது, சிலருக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டால்தான் அடங்கும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது இரண்டு மூன்று முறையில் தெரிந்துவிடும்.

“வீட்ல பரவாயில்ல. கடையில எல்லாரும் பார்க்கிறாங்களே?”

பார்க்கட்டும். பார்க்கிறவர்களில் பாதிப்பேர் தங்கள் பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பார்கள். நம் வெட்கத்தைப் பிள்ளையின் தலையில் இறக்குவதுதான் கடையில் நடக்கிற பெரிய தப்பு.

என் மகனுக்கு இரண்டரை வயது இருக்கும்போது, பணம் கட்டுகிற வரிசையில், தள்ளுவண்டியிலிருந்து எட்டி ஒரு சாக்லேட்டை எடுத்துவிட்டான். திருப்பி வைத்ததும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பின்னால் நின்ற ஒரு ஜூலு அம்மா ஒன்றும் சொல்லாமல் என் சாமான்களைத் தன் கையால் கல்லாவில் எடுத்து வைத்தார். “துலா, பாய், துலா” என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அழாதே, அமைதியாயிரு என்று அர்த்தம். அவர் குரலில் அவசரமே இல்லை. நானும் அந்த வேகத்துக்கு இறங்கினேன். அன்றைக்கு சாக்லேட் வாங்கவில்லை, அடிக்கவும் இல்லை.

முடிந்தால் வண்டியை ஓரமாக விட்டுவிட்டுப் பிள்ளையை வெளியே காருக்குத் தூக்கிப்போய், அடங்கியதும் திரும்புங்கள். கடைக்குப் போகுமுன் வயிறு நிறைந்திருக்கட்டும், தூக்க நேரமாக இருக்க வேண்டாம். கடைக்குள் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: உருளைக்கிழங்கைப் பையில் போடுவது, ரொட்டியைப் பிடித்துக்கொள்வது. வேலை இருக்கிற கைக்கு அடம் குறைவு.

“கேட்டதைக் குடுத்துட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். எதுக்கு இவ்வளவு வம்பு?”

இன்றைக்கு முடியும். நாளைக்கு அதே இடத்தில், இன்னும் உரக்க ஆரம்பிக்கும்.

இதில் மோசமானது எப்போதும் கொடுப்பது கூட இல்லை, சிலசமயம் கொடுப்பதுதான். ஆறு தடவை மறுத்து ஏழாவது தடவை பொறுக்க முடியாமல் கொடுத்தால், “ஏழு தடவை கத்த வேண்டும்” என்பதுதான் பிள்ளை படிக்கிற பாடம். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் ஏன் நிறுத்துவதில்லை? எப்போது விழும் என்று தெரியாததால்தான்.

கொடுக்கலாம் என்று நினைத்தால் முதல் தடவை கேட்கும்போதே மனதாரக் கொடுத்துவிடுங்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் அதில் நில்லுங்கள். அதனால் “இல்லை”யைச் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு நாற்பது “இல்லை” சொல்கிற வீட்டில் எந்த “இல்லை”க்கும் மதிப்பிருக்காது. அடிக்கக் கூடாது, ரோட்டில் கையை விடக் கூடாது, அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று நாலைந்து சட்டம் போதும். மற்றதில் விட்டுக்கொடுங்கள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

தொடக்கத்தில் ஒன்றைச் சொல்லி எச்சரிக்கிறேன். நீங்கள் கொடுப்பதை நிறுத்திய முதல் வாரம் அடம் கூடும். முன்பு வேலை செய்தது ஏன் இப்போது வேலை செய்யவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அந்த வாரத்தில் தளர்ந்தால் முன்னைவிட மோசமாகும்.

“ஒரு அடி போட்டா சரியாயிடும். நாங்கல்லாம் அடி வாங்கி வளரலையா?”

இந்தக் கேள்வியைத் தாத்தாக்களும் கேட்கிறார்கள், இருபத்தைந்து வயது அப்பாக்களும் கேட்கிறார்கள். “அடியாத மாடு படியாது” என்று பழமொழி சொல்வார்கள். அது மாட்டுக்குச் சொன்னது.

நாம் வளர்ந்தோம், உண்மைதான். அடியால் வளர்ந்தோமா, அடியையும் மீறி வளர்ந்தோமா என்று கேட்டுப்பாருங்கள். எங்கள் ஊரில் விளக்குமாற்றுக் குச்சி எடுத்த அப்பாவிடம் நான் கற்றுக்கொண்டது, அவர் காலடிச் சத்தத்தை வைத்து அவர் மனநிலையைக் கண்டுபிடிப்பதை. பொய் சொல்லவும் அப்போதுதான் கற்றேன். அவர் என்மேல் உயிராக இருந்தார், அதுவும் உண்மை. அவருக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு அடி ஒன்றைத்தான் சொல்லித்தருகிறது: கோபம் வந்தால், பெரியவன் சின்னவனை அடிக்கலாம். அடுத்த நாள் அவன் தங்கையை அடிக்கும்போது “அடிக்கக் கூடாது” என்று சொல்லி அதற்கு ஒரு அடி போடுகிறோம். பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? அடியால் அப்போதைக்கு அழுகை நிற்கிறது, பயத்தால். அடிவாங்குகிற பிள்ளைகளிடம் காலப்போக்கில் முரட்டுத்தனம் கூடுகிறது என்றுதான் பல நாடுகளில் பல வருடம் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் பள்ளிக்கூடத்தில் அடிப்பதை 1996ம் ஆண்டுப் பள்ளிகள் சட்டம் தடை செய்தது. வீட்டில் மட்டும், “மிதமாகத் தண்டித்தேன்” என்று பெற்றோர் நீதிமன்றத்தில் சொல்லித் தப்பிக்க ஒரு பழைய வழி இருந்தது. 2017ல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2019 செப்டம்பர் 18ல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதி செய்தது. இதற்கென்று புதிதாக ஒரு குற்றம் எழுதப்படவில்லை. ஒரு பெரியவரை அடித்தால் எது தாக்குதலோ, உங்கள் பிள்ளையை அடித்தாலும் அது தாக்குதல், அவ்வளவுதான். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பலருக்கு இது தெரியாது. கிரெச்சில் உங்கள் பிள்ளையை யாராவது “ஒரு தட்டு தட்டினேன்” என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

“தெரியும்க்கா. ஆனா நேத்து கை நீட்டிட்டேன். இப்ப என்ன பண்றது?”

பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். “அம்மா உன்னை அடிச்சேன். அது தப்பு. வலிச்சிருக்கும். இனிமே அடிக்க மாட்டேன்.” இதோடு நிறுத்துங்கள். “ஆனா நீ அப்படிப் பண்ணினதாலதானே” என்று சேர்த்தால் மன்னிப்பு போய்விடும். குற்ற உணர்ச்சியில் பொம்மை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நானும் ஒரு தடவை அடித்திருக்கிறேன். அவன் கன்னத்தைவிட என் உள்ளங்கைதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வயதுக்கு அதெல்லாம் புரியுமா என்று தயங்கினேன். அவன் வந்து என் கையைத் தடவிப்பார்த்தான்.

“பூச்சாண்டி, போலீஸ்னு பயமுறுத்தினா சாப்பிட்டுடறான். அதுல என்ன தப்பு?”

சாப்பிடுவான். ராத்திரி தூங்கமாட்டான். அந்த வயதில் கற்பனைக்கும் உண்மைக்கும் நடுவில் சுவர் கிடையாது, கட்டிலுக்கு அடியில் பூச்சாண்டி நிஜமாகவே இருப்பான். போலீஸ் பிடித்துக்கொண்டு போவார் என்று சொல்லி வளர்த்த பிள்ளை, கூட்டத்தில் தொலைந்துபோனால் போலீசிடம் உதவி கேட்குமா? ஓடி ஒளியும். “டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்பதற்கும் இதே கதைதான்.

இதோடு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். “அந்தக் கறுப்பு மாமா பிடிச்சுக்கிட்டுப் போயிடுவார்” என்று நம் வீடுகளில் சொல்கிறார்கள். வாயில் கேட்டருகே நிற்கிற காவலாளியைக் காட்டிச் சொல்கிறார்கள், அவர் காதிலும் விழுகிறது. இந்த மண்ணில், நிறத்தை வைத்து மனிதனை ஒதுக்கிய ஆட்சியில் நம் ஆட்களும்தான் அடிபட்டார்கள். சாட்ஸ்வொர்த் என்கிற இந்த ஊரே அப்படி ஒதுக்கப்பட்டு உருவானது. அந்த நஞ்சை இரண்டு வயதில் பிள்ளைக்குச் சோற்றோடு ஊட்டாதீர்கள். அந்த மாமாவின் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். காலையில் “சாவுபோனா” என்று வணக்கம் சொல்லப் பழக்குங்கள்.

“அழுது அழுது மூச்சைப் பிடிச்சு நீலமாயிடறா. பயமா இருக்கு.”

பயமாகத்தான் இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை சில பிள்ளைகளுக்கு இது வரும். வீறிட்டு அழுது, மூச்சை வெளியே விட்டபடியே நின்றுவிடும். உதடு நீலமாகும், சில நொடி துவண்டுகூடப் போகலாம். வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் தானாகவே மூச்சு திரும்பும். வேண்டுமென்று செய்வது கிடையாது.

பக்கவாட்டில் படுக்க வையுங்கள். உலுக்க வேண்டாம், முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். முதல் தடவை வந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்பா, இதயத்தில் ஏதாவதா என்று அவர் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சு வராவிட்டால் உடனே ஆம்புலன்ஸ்.

இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகளுக்கு இது அதிகம் வருகிறது. அதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் வீடுகளில் ஒரு வயதுக்கு மேல் பாலாகவே குடிக்கவிட்டு, சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறோம். சாப்பாட்டோடு பால் டீயும் கொடுக்கிறோம். இரண்டும் இரும்புச்சத்தைக் கெடுக்கும். முட்டை, ஈரல், கீரை, பருப்பு கொடுங்கள். அவளுக்கு இது வரும் என்பதற்காகக் கேட்டதையெல்லாம் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள்.

“தலையைச் சுவத்துல முட்டிக்கிறான்.”

கோபத்தில் ஒன்றிரண்டு தடவை முட்டிக்கொள்வது இந்த வயதில் உண்டு. பதறிக் கத்தாமல், தலைக்கும் சுவருக்கும் நடுவில் கையையோ தலையணையையோ வையுங்கள். காயமாகும் அளவுக்கு முட்டினாலோ, கோபமே இல்லாதபோதும் முட்டிக்கொண்டிருந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

“மத்த பிள்ளைங்களைக் கடிக்கிறான்னு கிரெச்சுல புகார் சொல்றாங்க. தலை குனிஞ்சு நிக்க வேண்டியிருக்கு.”

தலை குனிய வேண்டாம். என்னிடம் வருகிற பன்னிரண்டில் எப்போதும் ஒரு கடிக்கிற பிள்ளை இருக்கும். பேச்சு வர வர அது நிற்கும், அடுத்தது ஆரம்பிக்கும்.

கடித்தவுடன் “கடிக்கக் கூடாது. வலிக்கும்” என்று அழுத்தமாக ஒரு தடவை சொல்லிவிட்டு, முதலில் கடிபட்ட பிள்ளையைக் கவனியுங்கள். கடித்தவனுக்கு நீண்ட பிரசங்கம் செய்தால் கடித்தால் கவனிப்பு கிடைக்கும் என்றாகிவிடும். “எப்படி வலிக்குது பார்” என்று திருப்பிக் கடிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அது அடிக்குச் சமம். பிறகு எப்போது கடிக்கிறான் என்று எழுதி வையுங்கள். ஒரு பையன் தினமும் பதினொன்றரைக்கே கடித்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்துவந்த பிள்ளை அவன். சாப்பாட்டையும் தூக்கத்தையும் அரை மணி முன்னால் தள்ளினேன், ஒரு வாரத்தில் நின்றது. அதற்கப்புறம் யார் கடித்தாலும் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன்.

“போனைப் பிடுங்கினா வீடே ரெண்டாகுது.”

உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் எவ்வளவு நேரம் என்பதை விட, அழுகையை அடக்கப் போனைக் கொடுப்பதுதான் எனக்குக் கவலை. கோபத்தைத் தானாக ஆற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பிள்ளை கற்கவேண்டிய அந்த நிமிடத்தைப் போன் தின்றுவிடுகிறது.

மின்வெட்டு கடுமையாக இருந்த 2022, 2023ல் ஒன்றைக் கவனித்தேன். கரண்ட் போனதும் டிவி அணைந்தால் பிள்ளைகள் கொஞ்சம் முனகிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். நாம் அணைத்தால்தான் ரகளை. கரண்டோடு பேரம் பேச முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் அப்படி ஆகிவிடுங்கள்: தினமும் அதே நேரம், அதே ஒரு நிகழ்ச்சி, முடிந்ததும் பிள்ளையே பொத்தானை அழுத்தட்டும், உடனே அடுத்த வேலை தயாராக இருக்கட்டும். ஐந்தாவது கேள்வியில் சொன்ன முதல் வார எச்சரிக்கை இங்கேயும் உண்டு.

“நான் கண்டிப்பா இருக்கேன். அத்தை பின்கதவு வழியா பிஸ்கட்டைக் குடுத்துடறாங்க. என்ன சொல்றது?”

மாமியாரிடம் பிள்ளை முன்னால் ஒன்றும் சொல்லாதீர்கள். அவர் முகம் வாடினால் உங்கள் சட்டம் தோற்றுவிடும். பிள்ளை தூங்கியபிறகு டீ போட்டுக் கொடுத்து உட்காருங்கள். “அத்தை, நீங்க குடுக்கறது எனக்குச் சந்தோஷம்தான். அழும்போது மட்டும் குடுக்க வேணாம், அழாதப்போ நீங்களே கூப்பிட்டுக் குடுங்க. உங்க கையாலதான் அவனுக்கு வேணும்” என்று சொல்லிப்பாருங்கள். கொடுக்கிற உரிமையை அவரிடமிருந்து பறிக்காமல் நேரத்தை மட்டும் மாற்றுகிறீர்கள். இங்கே பிறந்த குடும்பங்களில் ஆயா, தாத்தா என்று மூன்று தலைமுறை ஒரே கூரையில் இருப்பது இன்னும் உண்டு. அந்த வீடுகளில் பிள்ளைக்கு மடி நிறைய. அதற்காக ஒன்றிரண்டு பிஸ்கட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம்.

கணவன் மனைவிக்குள் சட்டம் வேறுபடுவதுதான் உண்மையில் ஆபத்து. அப்பா சரி என்பதை அம்மா இல்லை என்றால், பிள்ளை யாரிடம் எதைக் கேட்கலாம் என்று பார்க்க ஆரம்பிக்கும். அந்த நாலைந்து சட்டத்தை மட்டுமாவது இருவரும் ஒன்றாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

“வீட்ல தமிழ், கிரெச்சுல இங்கிலீஷ், பார்த்துக்கிற கோகோ (ஜூலுப் பாட்டி) பேசறது ஜூலு. மொழி குழம்பித்தான் இவ்வளவு அடமா?”

இல்லை. இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. எல்லா மொழியிலும் சேர்த்து எண்ணினால் ஐம்பது வார்த்தை வந்துவிடும். “அம்மா மன்ஸி குடு” என்கிற பிள்ளை குழம்பவில்லை, ஜூலுவில் தண்ணீருக்கு “அமான்ஸி” என்பதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. தமிழை நிறுத்திவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அம்மாவுக்குக் கோபம் வரும்போதும் கொஞ்சும்போதும் எந்த மொழி வருகிறதோ அதில்தான் பிள்ளையின் மனதும் அடங்கும்.

பசிக்குது, வேணாம், வலிக்குது, நானு, இன்னும் என்று ஐந்து சொல்லை சைகையோடு கற்றுக்கொடுங்கள். அடம் குறைவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்குப் பாதிதான் கேட்கும்.

“கோயில்ல ரெண்டு மணி நேரம் உட்கார மாட்டேங்கறான். காவடிக்குக் கூட்டிப் போகவே பயமா இருக்கு.”

இரண்டு வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் உட்காராது, உட்காரவும் வேண்டாம். தைப்பூசம் இங்கே உச்சிக் கோடையில் வருகிறது. டர்பனின் புழுக்கம், உடுக்கைச் சத்தம், கற்பூரப் புகை, அலகு குத்தியவர்களைப் பார்க்கிற மிரட்சி, தூக்கம் கெட்டது எல்லாம் சேர்ந்து வருகிற அழுகைக்கு அடம் என்று பெயர் வைக்காதீர்கள். அபிஷேகத்துக்குப் போகாமல் தீபாராதனை நேரத்துக்குப் போங்கள், கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள், தண்ணீரும் ஒரு பழமும் கையில் இருக்கட்டும். பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் கூட்டத்துக்குப் போவதானால் காலையிலேயே போய் வந்துவிடுங்கள். முன்னாலேயே சொல்லி வையுங்கள்: “மேளம் சத்தமா இருக்கும். பயமா இருந்தா அப்பா தோள்ல ஏறிக்கலாம்.”

“டைம் அவுட் குடுக்கலாமா?”

மூன்று வயதுக்குப் பிறகு கொடுக்கலாம், வயதுக்கு ஒரு நிமிடம் கணக்கில். அடித்தல், கடித்தல் போன்ற ஒன்றிரண்டு விஷயத்துக்கு மட்டும். இருட்டறை, குளியலறை, பூட்டிய கதவு கூடவே கூடாது. நீங்கள் தெரிகிற இடத்தில் ஒரு நாற்காலி போதும். அதற்குக் கீழே உள்ள வயதுக்கு மூன்றாவது கேள்வியில் சொன்னபடி கூடவே உட்காருவதுதான். அழுவதற்காக யாரையும் தனியே அனுப்பாதீர்கள்.

“தங்கச்சி பிறந்ததிலிருந்து நல்லா இருந்த பிள்ளை கெட்டுப்போச்சு.”

கெட்டுப்போகவில்லை, மடியை இழந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, மூத்ததோடு மட்டும் உட்காருங்கள். “நீ பெரிய பிள்ளை” என்ற வார்த்தையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள்.

“கண்ணு பட்டிருக்குமோ? இல்ல தூங்க வைக்க சிரப் ஏதாவது குடுக்கலாமா?”

உப்பு மிளகாய் சுற்றிப்போடுவதால் உங்கள் மனம் ஆறும் என்றால் செய்யுங்கள், மனம் ஆறிய அம்மாவைப் பார்த்தாலே பிள்ளை பாதி அடங்கும். மிளகாய்ப் புகை மட்டும் பிள்ளையின் மூச்சுக்குப் போகக் கூடாது.

சளி சிரப், அலர்ஜி மருந்து எதையும் தூங்க வைப்பதற்காகக் கொடுக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது டர்பனிலிருந்து துபாய் வரைக்குமே எட்டு மணி நேரத்துக்கு மேல் என்று பயந்து கொடுக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு மூச்சே தளர்ந்துபோகலாம், சிலருக்குத் தூக்கம் வராமல் வெறி பிடித்தாற்போலவும் ஆகும்.

“எது சாதாரண அடம், எது டாக்டர்கிட்ட போகவேண்டியது?”

இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நீள்வது வழக்கமாகிவிட்டால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், அடங்கவே தெரியாமல் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் அடக்கவேண்டியிருந்தால், நாலு வயது தாண்டியும் தினமும் பல தடவை வந்தால் போய்க் கேளுங்கள். பேசின வார்த்தைகள் மறைந்துபோனாலோ, கண்ணைப் பார்ப்பதை நிறுத்தினாலோ காத்திருக்கவே கூடாது.

பிள்ளை பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த ரோட் டு ஹெல்த் புத்தகத்தைத் தடுப்பூசிக்கு மட்டும் திறக்காதீர்கள். அதில் வயதுக்கு ஏற்ற வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது. 18வது மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது உங்கள் சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நர்ஸிடம் கேளுங்கள். எந்த நேரம், எவ்வளவு நேரம், முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வாரக் குறிப்பு இருந்தால் அவருக்கு நிறைய உதவும்.

“அக்கா, அவனை விடுங்க. எனக்குத்தான் கோபம் அடங்கமாட்டேங்குது.”

இதை எல்லோரும் போன பிறகு, கடைசியாக, மெல்லிய குரலில் கேட்பார்கள். தாய் தகப்பன் ஊரில், வீட்டுக்காரர் வேலையில், நாள் முழுக்கப் பிள்ளையோடு தனியாக நான்கு சுவருக்குள் இருக்கிற பெண்கள் இவர்கள்.

கோபம் கைக்கு வருமுன் உடம்பில் எங்கே வருகிறது என்று பாருங்கள். சிலருக்குத் தாடை இறுகும், எனக்குத் தோள்பட்டை ஏறும். அது தெரிந்ததும் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு, கதவைத் திறந்தபடியே அடுத்த அறைக்குப் போய்க் குழாயடியில் இரண்டு கையையும் நனையுங்கள். “அம்மா தண்ணி தொட்டுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு நிமிடம் அவன் அழுதால் ஒன்றும் ஆகாது. நாளெல்லாம் அழுகையாக வருகிறது, தூக்கமில்லை, பிள்ளையைப் பார்த்தாலே வெறுப்பு வருகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் இருக்கிறது. சைல்ட்லைன் 116க்குக் காசில்லாமல் கூப்பிடலாம், பெற்றோரும் கூப்பிடலாம். யாரையும் கூப்பிடத் தோன்றாவிட்டால் ஐந்து மணிக்குப் பதில் ஐந்தரைக்கு வாருங்கள். மற்ற பிள்ளைகள் போயிருப்பார்கள், டீ இருக்கும்.